தலைப்பில் ஒரு இரண்டு

செம்பு உருக்காலையின் புகை அறிக்கையை மேலாளர் விட்டோமிர் மேசைமேல் வீசினார்.

"ஏம்மா ஸ்லாவ்கா, இதைப் பாத்துதான் உலையை மூடலாமா வேணாமான்னு அமைச்சகத்துல முடிவு பண்ணுவாங்க. வரைபடத் தலைப்புல SO2-ன்னு போட்டிருக்க! அந்த ரெண்டு கீழ, சின்னதா இருக்க வேணாமா? சிரிக்க மாட்டானுங்க?"

"கம்ப்யூட்டர் கேக்க மாட்டேங்குது சார்."

"உனக்குத் தெரியலைன்னு சொல்லு!"

மாலைவரை பக்கத்திலேயே நின்று திட்டினார். ஒருவழியாக இரண்டு கீழே இறங்கியது. ஒரு மடக்கு ரக்கியாச் சாராயம் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அவரே அனுப்பியும் வைத்தார்.

உலை வேலையால் இருமிக்கொண்டிருந்த கணவனிடம் ஸ்லாவ்கா சொன்னாள்:

"அதை இறக்க எனக்கு அரை நிமிஷம் போதும்யா. போன மாசம் தலைப்பைச் சரியாப் போட்டேன். மனுஷன் வரைபடத்துல ஏறி இறங்குற கோட்டைப் பாத்துட்டு, புகை வரம்பு தாண்டின நாளையெல்லாம் அழிக்க வச்சான். இன்னிக்குக் கோட்டுப் பக்கம் திரும்பவே இல்ல."