கடைசி வரிசை நாற்காலி

ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கிபாயத்துல்லா மட்டும் பள்ளிவாசல் படிக்கட்டின் கீழே, வலது முட்டியைப் பிடித்தபடி வழிமறித்து நின்றார். இன்றைக்கு அந்த ஆளைச் சும்மா விடுவதாக இல்லை.

அந்த ஆள் டாக்டர் முதாசிர். வருகிற திங்கட்கிழமை கிபாயத்துல்லாவின் முட்டியில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்.

போன வாரம் கிளினிக்கில் ஸ்கேன் படத்தைக் காட்டி நிதானமாகத்தான் சொன்னார்.

"ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு பாய். அது கிழிஞ்சிருக்கு. இப்பவே தெச்சுட்டா நல்லது. விட்டா எலும்பு மேல இருக்கிற வழுவழுப்பும் தேஞ்சு போயிடும்."

"பண்ணா மறுபடி தரையில சஜ்தா பண்ண முடியுமா டாக்டர்?"

கிபாயத்துல்லாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நெற்றி தரையில் படாமல் தொழுதால் அவருக்கு மனசு நிறையாது.

"சில மாசத்துல முடியும்னு நம்பறேன். பயந்து தள்ளிப்போட்டு முட்டியைக் கெடுத்துக்கிட்ட ஒருத்தரை நான் தினமும் காலைல பாக்கறேன். நீங்க அப்படி ஆயிடாதீங்க." டாக்டர் ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணா ஆயுசுக்கும் நாற்காலிதான் பாய்" என்று பக்கத்துக் கடை சுகுமார் பயமுறுத்தினான். அதற்கெல்லாம் கிபாயத்துல்லா அசையவில்லை. ஆனால் வழக்கமாக வேறு பள்ளிவாசலுக்குப் போகிற டாக்டர் இன்று இங்கே வந்து, கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுததைப் பார்த்ததும் சுகுமார் சொன்னது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

டாக்டர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"இன்னா டாக்டர் இது? ஆபரேஷன் பண்ணி உங்களையே நாற்காலில உக்கார வச்சிட்டாங்க. என்னையும் அப்படி உக்கார வைக்கப் பாக்கறீங்களா? திங்கட்கிழமை நான் வரல. ஆள விடுங்க!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டருக்கு முகம் வெளிறிப் போயிற்று. கிபாயத்துல்லாவின் தோளைப் பிடித்து மதிலோரமாக அழைத்துப் போனார். இரண்டு பேருமே நொண்டினார்கள்.

"சத்தம் போடாதீங்க பாய்" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "நான் ஆபரேஷனே பண்ணிக்கல. பயந்துட்டேன்."