மஞ்சள் முடிச்சு

கணவர் உடம்பில் கத்தி படக்கூடாது என்று ஆத்தாளிடம் வேண்டி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள் செண்பகவல்லி.

டாக்டரம்மா ஸ்கேனைக் கீழே வைத்தார். "இந்த வகை நுரையீரல் புத்து, பெரும்பாலும் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பரவிடும்மா. அப்புறம் கத்தி வைக்கவே முடியாது. இவருக்குச் சின்னதா ஒரே இடத்துல நிக்குது. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு, கீமோ குடுத்துடலாம்."

செண்பகவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பகீரென்றது. ஆத்தா பழைய வேண்டுதலுக்குச் செவி சாய்த்துவிட்டால்?

முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க."

அவிழ்ந்தது. அதே காசை மறுபடி வைத்து, "கத்தி படட்டும், தாயே" என்று முடிந்தாள், முன்னைவிட இறுக்கமாக.