மூணு பக்கச் சுருக்கம்

"மினியாபொலிஸ் பத்திரிகைக்காரங்களுக்குச் சுருக்கம். நமக்கு மட்டும் முழு அறிக்கை. என்ன மரியாதை பாத்தீங்களா?"

டார்லா போனை வைத்த வேகத்தில் மேசை மேல் இருந்த காபி தளும்பியது.

ஆசிரியர் மில்ட் சிரித்தார். "மறுபடியும் க்விஸ்ட்டா?"

"வேற யாரு?"

அவர்கள் ஊரான டுலூத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பூட்ஸ் கம்பெனியில், நிருபர்களைக் கவனிக்கிறவர் எவரெட் க்விஸ்ட். பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி. வருஷா வருஷம் கணக்கை ஊரறிய வைத்தே ஆக வேண்டும். அது வெளிவரும் அன்று, மினியாபொலிஸ் மாதிரி பெருநகரப் பத்திரிகைகளுக்கு அவர் அழகாக மூன்று பக்கச் சுருக்கம் அனுப்பிவிடுவார். மதியச் சாப்பாடும் உண்டு.

உள்ளூர்ப் பத்திரிகை டார்லாவுக்கு?

"உனக்கு எதுக்கும்மா சுருக்கம்? இணையத்துல முழுசா இருக்கு. உக்காந்து படி. கடைசி வரைக்கும் படி."

அதைச் சொல்லிப் பொருமினாள் டார்லா. "இருநூறு பக்கம், மில்ட். பள்ளிக்கூடப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி சொல்றார்."

"படிச்சிடேன். உனக்குப் படிக்கத் தெரியும்னு அவருக்கும் தெரியட்டும்."

வீம்புக்குத்தான் உட்கார்ந்தாள். கம்பெனித் தலைவர் தன்னைத்தானே பாராட்டிக்கொண்ட கடிதம் முடியவே மதியமாகிவிட்டது.

"என்ன, பூட்ஸ் கடிக்குதா?" என்றார் அந்தப் பக்கமாகப் போன மில்ட்.

"கொப்புளமே வந்தாச்சு."

கடைசியில் கணக்குக் குறிப்புகள், பொடி எழுத்தில். ஒன்றைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மில்ட், கொஞ்சம் இங்க வாங்க."

டுலூத் ஆலைக் கட்டடத்தின் குத்தகை ஜூனோடு முடிகிறது. புதுப்பிக்கப்போவதில்லை. இயந்திரங்கள் தெற்கே டென்னஸி மாநிலத்துக்குப் போகின்றன.

மில்ட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவருடைய மைத்துனன் அந்த ஆலையில்தான் தோல் வெட்டுகிறான்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதே, டார்லா. போன வாரம்தான் அவன் வாங்கறதுக்கு வீடு பாத்துட்டு வந்தான்."

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. மினியாபொலிஸ் பத்திரிகைகளிலோ, 'பூட்ஸ் கம்பெனிக்கு அமோக லாபம்'.

தொழிலாளர்களும் மேயரும் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். நிர்வாகம் மழுப்பிப் பார்த்தது, முடியவில்லை. ஆலையை மூடுவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

எல்லாம் அடங்கிய பிறகு, க்விஸ்ட்டைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது டார்லாவுக்கு. போன் போட்டாள்.

"தப்புப் பண்ணிட்டீங்க, மிஸ்டர் க்விஸ்ட். எனக்கும் அந்தச் சுருக்கத்தை அனுப்பியிருந்தா, நானும் அமோக லாபம்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

அந்தப் பக்கம் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தச் சுருக்கத்தை எழுதினவனே நான்தானேம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அதுல என்ன இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"