மூன்று பாக்கெட் காளான்

“சண்டைக்குப் போய்ட்டு வந்தவங்களுக்குக் காளான்ல எடுத்த மருந்து குடுத்து, வட்டமா உக்கார வச்சுப் பேச வைக்கலாமான்னு வெளிநாட்டுல யோசிக்காங்களாம்” என்று ஜெபராணி ஒருநாள் காலையில் தன் கணவனிடம் சொன்னாள். அவள் நர்ஸ். ஏதோ மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தாள்.

“இங்க இருமல் மருந்துக்கே உள்ள தள்ளிருவான். நீ தோசையப் போடு” என்றான் கிளிட்டஸ்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் தன்னோடு காவல் டூட்டி பார்க்கும் மாயாண்டியிடம் கிளிட்டஸ் அதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். மாயாண்டி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ரோலாவில் அவர்கள் வீட்டு வாசலில் மாயாண்டியும், அதே கிடங்கில் வேலை பார்க்கும் அழகுமலையும் தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார்கள். மாயாண்டியின் கையில் சூப்பர் மார்க்கெட் பை. உள்ளே மூன்று பாக்கெட் காளான்.

“ஆளுக்கு ஒண்ணு தங்கச்சி. டோஸ் எவ்வளவுன்னு நீதான் சொல்லணும்.”

ஜெபராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணே, இது கறி வைக்கிற காளான். அது வேற.”

“அப்பிடித்தான் சொல்லணும். போலீஸு இருக்குல்ல” என்று அவர் கண்ணைச் சிமிட்டினார்.

கிளிட்டஸையும் சேர்த்து மூவரும் ஆறு வருடத்துக்கு முன் கார்கில் சண்டையில் இருந்தவர்கள். அவர்களைக் கூட்டிவைத்து மனம்விட்டுப் பேசவைப்பது ஜெபராணியின் ஏற்பாடு. ஆறு கூட்டம் நடந்துவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும், பட்டாளத்து ரோல்காலில் நிற்பதுபோல் முதுகு நிமிரும். வரிசையாக “சப் டீக் ஹே” என்பார்கள். எல்லாம் நலம். பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எல்லாம் நலமென்றால், அவள் கணவன் ஏன் பதினான்கு மாதமாக ஹாலில் நாற்காலியில் தூங்குகிறான்?

ஒருநாள் தூக்கத்தில் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டான். மறுநாளே தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். அவள் மூன்று முறை கூப்பிட்டாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். ஹாலிலும் ஏசிதான் ஓடியது.

அதன்பின் அவள் கூப்பிடவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தாள்.

காளானை மிளகு போட்டு வறுத்து மூன்று தட்டில் வைத்தாள். மாயாண்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

“ஏறுதாடா?”

“காரம்தான்ணே ஏறுது” என்றான் அழகுமலை.

கால் மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலே அவன் பேசத் தொடங்கினான். தினமும் காலையில் கிடங்கு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறானாம். சூப்பர்வைசரிடம் பேனாவைத் தேடுவதாகச் சொல்கிறானாம்.

“அவன் எனக்கு இதுவரைக்கும் ஏழு பேனா வாங்கிக் குடுத்துட்டான்ணே.”

மாயாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும், பட்டாசு வெடிக்கும் நாட்களில் தான் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப் குளியலறையில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். அழகுமலை அவர் முழங்காலில் கை வைத்தான்.

“மருந்து வேலை செய்யுது தங்கச்சி” என்றார் மாயாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஜெபராணி தட்டுகளை எடுக்கக் குனிந்தாள். இரண்டு தட்டுகள் வழித்துக் காலியாக இருந்தன. கிளிட்டஸின் தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிப்போயிருந்தது. ஒரு துண்டுகூட அவன் தொடவில்லை.

தட்டை எடுக்கப் போன அவள் கையை அவன் பிடித்தான். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் பொருட்படுத்தவில்லை.

“ராணி, இன்னைக்கு நான் உள்ள வந்து படுத்துக்கட்டா?”