மாடு மோதிய கார்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. திருச்சியில் கார் வந்தால் தெருவே எட்டிப் பார்த்த காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

முசிறி சாலையில், ஸ்ரீரங்கத்து மிராசுதார் வைத்திலிங்கத்தின் கார், ஆண்டி என்ற உழவனின் ஜோடி மாட்டில் ஒன்றின் மேல் மோதியது. மாடு அங்கேயே செத்தது. காரில் இன்ஜின் ஓடியது, சக்கரம் சுற்றவில்லை. மாடு பூட்டி இழுத்து, பாலக்கரையில் ஜெகபர் சாதிக்கின் பட்டறை வாசலுக்குக் காரைக் கொண்டுவந்தார்கள்.

“பாய், மாடு மோதித்தான் கியர் போச்சுன்னு நீ சொல்லிட்டா, ஆண்டிகிட்ட மிச்சமிருக்கிற மாட்டை நான் ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். நீ பார்த்து முடிக்கிற வரைக்கும் நுகத்துப் பூட்டை அவிழ்க்க விடமாட்டேன்” என்றார் மிராசுதார்.

“ஐயா, அதை வெச்சுத்தானேங்க அவன் குடும்பம் சாப்பிடுது?”

“உன்னைக் கேட்டது கியரைப் பத்தி.”

சாதிக் காருக்கடியில் படுத்து கியர் பெட்டியைத் திறந்தார்.

“மாடு பட்டது முன்னாடி விளக்குலங்க. இங்க எண்ணெய் சொட்டுகூட இல்ல. பல்லெல்லாம் தேஞ்சு உடைஞ்சு கிடக்கு. இது ரொம்ப நாள் கோளாறு. டிரைவர் சொல்லலையா?”

“சொன்னான். கார்னா சத்தம் போடத்தான் செய்யும்னு நான்தான் விட்டுட்டேன்.” மிராசுதார் கொட்டாவி விட்டார். “சரி, ஆண்டியைப் போகச் சொல்லு. எதுக்குச் சும்மா நிக்கிறான்?”

சாதிக் காரின் முன்பக்கம் போனார்.

“ஆண்டி, உன் மாட்டு மேல தப்பில்லப்பா. அவிழ்த்துக்கிட்டு வீட்டுக்குப் போ.”

நுகத்தடியின் ஒரு முனையில் மாடு நின்றது. மறுமுனைக் கயிற்றைத் தன் கழுத்திலிருந்து அவிழ்த்தான் ஆண்டி.

உங்கள் வீட்டில் யார் கழுத்தும் அப்படிப் புண்ணாகாமல், எல்லாரும் நிறைவாக இருக்க வேண்டும், கண்ணுகளா.