குவாரி உறுமல்
2025 நவம்பர் 11, செவ்வாய், மாலை நான்கு மணி, தூறல். வயல் மோட்டாரை ஒரு வாரம் நிறுத்த ஒப்புதல் கேட்டு, விழுப்புரத்து இயற்பியல் ஆய்வாளர் காயத்ரி, ஒலக்கூர் விவசாயி வல்லரசுவிடம் தாளை நீட்டினாள்.

வயலையடுத்த, கைவிடப்பட்ட கல்குவாரியின் அடியில், காணாத பரிமாணத்துக்குள் நழுவும் ஈர்ப்புத் துகளை அவள் கருவி தேடியது. துகள் நழுவினால் ஆற்றல் குறையும். சில நாளாக மாலைதோறும் கருவியில் அது குறைந்தது. கூடவே ஓர் உறுமல். இதெல்லாம் மோட்டாரின் அதிர்வால் அல்ல என்று உறுதியானால்தான் துகளென்று அறிவிக்க முடியும்.

வல்லரசு கையெழுத்திட்டுச் சிரித்தார். “எரிஞ்ச மோட்டாருக்குக் கையெழுத்து கேட்ட மொத ஆளு நீதாம்மா. தீபாவளிக்கே பூடுச்சி.”

“அப்ப சாயங்காலம் உறுமுறது?”

“உங்க மெஷினுதானே? ஊரே பேஜாராகி கதவச் சாத்திக்கினு கெடக்குது.”

“அது சத்தமே போடாதுண்ணா.”

வல்லரசு குவாரியையே பார்த்தபடி, கையெழுத்திட்ட தாளை அவளிடம் கொடுத்தார்.