யார் வந்து கெஞ்சினாலும்

“எழுந்திருங்க எல்லாரும்! நாடகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கிளம்புங்க!”

மண்டப வாசலில் நின்று பள்ளித் தாளாளர் கத்தினார். தரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தரும் அசையவில்லை.

ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த நடன டீச்சர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பாவிப் பிள்ளைகள், இதையும் ஒத்திகை என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அப்படி நினைக்கப் பழக்கியவளும் அவள்தான். விளையாட்டு மாஸ்டரைப் போலீஸாக்கி, சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் நுழையவிட்டு அதட்டச் சொல்லுவாள். ஒருநாள் வாட்ச்மேனை அனுப்பினாள். அவர் பாவம், விசிலை ஊதிவிட்டுத் தானே சிரித்துவிட்டார்.

நாடகத்தில் வருகிற போராட்டத்துக்குச் சரித்திரப் புத்தகத்தில் இரண்டே வரிதான் இடம். ஊர் வாசகசாலைக்குள் சிலரை விடமாட்டார்கள். பின்பக்க ஜன்னலில் கையை நீட்டிப் புத்தகம் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். ஒருநாள் அவர்கள் முன்வாசல் வழியாக வந்து, தரையில் உட்கார்ந்து, வாசிக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் இழுத்துக்கொண்டு போனது.

பரீட்சை எழுதியதும் மறந்துபோகிற அந்த இரண்டு வரியைத்தான் டீச்சர் பிள்ளைகளின் உடம்பில் ஏற்றியிருந்தாள். இழுத்தால் எதிர்க்காதே, ஒத்தாசையும் செய்யாதே. தோளை விடு, கழுத்தை விடு, நனைந்த துணி மாதிரிக் கிட. மிரட்டுகிறவனுக்கு எழாமல் இருப்பது சுலபம். பிரியமானவர்கள் வந்து கெஞ்சுவார்கள் பார், அப்போது எழாமல் இருப்பதுதான் கஷ்டம். யார் வந்து கெஞ்சினாலும் எழாதே.

இப்போது அதற்கெல்லாம் சேர்த்து அனுபவிக்கிறாள்.

அன்றைக்குப் போலீஸை வரவழைத்து வாசகசாலையைப் பூட்டச் சொன்ன அதிகாரி தாளாளரின் தாத்தா. மேடைக்கு மேலே மாலையோடு தொங்குகிற படமும் அவருடையதுதான். நாடகத்தில் அவர் பெயரே வராமல் டீச்சர் பார்த்துப் பார்த்துத்தான் அமைத்திருந்தாள். ஆனால் அதிகாரியாக நடிக்கிறவன் இன்றைக்குப் பார்த்து, படத்தில் இருக்கிற அதே முறுக்கு மீசையை ஒட்டிக்கொண்டு, அதே மாதிரிக் கைத்தடியோடு வந்து நிற்கிறான். சத்தியமாக அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நீங்களே எழுப்புங்க, டீச்சர். இல்லேன்னா நாளையிலேருந்து நீங்களும் வேண்டாம், உங்க பொண்ணும் வேண்டாம்.”

ஆட்டம் சொல்லித் தருகிறவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு தாளாளர் நின்றார். பின்கதவை மறைத்து நாளைய விழாவுக்கான நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை பேச வெளியே போகலாம் என்றாலும் வழியில்லை.

வேலை போனால் போகட்டும், எங்கேயாவது ஆடிப் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அவள் இங்கே டீச்சர் என்பதால்தான் மகளுக்கு இங்கே படிப்பு. இந்த ஒரு வருஷத்தை ஒப்பேற்றிவிட்டால் மகள் பள்ளியை முடித்துவிடுவாள்.

அந்த மகராசி முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அம்மா கிடையாது, டீச்சர்தான். அது அவர்கள் வீட்டுச் சட்டம். மகள் அதை ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில்கூட வாய் தவறி, “டீச்சர், பசிக்குது” என்பாள்.

இரண்டு முறை கைதட்டினால் கலையலாம் என்பது வகுப்பின் விதி. டீச்சர் தட்டினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

யாரும் கலையவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

தாளாளர் கண்ணைக் காட்டினார். அன்றைக்குச் சிரித்த அதே வாட்ச்மேன் வந்து ஓரத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தூக்கினார். இன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பில்லை. அவள் கழுத்தை விட்டாள், தோளை விட்டாள், அவர் பிடியிலிருந்து வழுக்கித் தரையில் சரிந்தாள். ஒரு பிசகில்லை. என்ன அழகாகச் செய்கிறாள் என்று டீச்சருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணமே தன்மேல் வெறுப்பாக வந்தது. பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது?

ஓடிப்போய் மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

“இது ஒத்திகை இல்லடி. நிஜமாவே வெளியே அனுப்பிடுவாங்க. உன் காலில் வேணா விழறேன், எழுந்திரு.”

மகள் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும்மா,” என்றாள். “எங்க எல்லாருக்கும் தெரியும்.”

தாளாளரின் செருப்புச் சத்தம் பின்னால் நெருங்கி வந்தது.

மகள் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.